துணி கட்டிய கதவு

மழைக்கு அந்தத் தெருவில் யாரும் பயப்பட்டதில்லை. மலையில் வீட்டைக் கட்டிக்கொண்டு மழைக்குப் பயந்தால் பிழைப்பு ஓடுமா? பயமெல்லாம் தெருவுக்கு மேலே நிற்கும் சரிவைப் பற்றித்தான். சாலையை அகலமாக்குகிறோம் என்று வந்தவர்கள் மலையின் அடியை வெட்டிவிட்டுப் போனதிலிருந்து சரிவின் மேல்பக்கம் ஒரு விரிசல் விழுந்திருந்தது. பிறகு பேரிடர் அலுவலகத்துக்காரர்கள் வந்தார்கள். விரிசல் அகலமாகிறதா என்று பார்க்க அதன் இரு பக்கமும் இரும்புக் கம்பி நட்டார்கள், மழையை அளக்க ஒரு கருவி வைத்தார்கள், கூட்டம் போட்டுப் பேசினார்கள். மழை ஓர் அளவைத் தாண்டினால் எல்லாருடைய போனுக்கும் செய்தி வரும். மஞ்சள் வந்தால் கவனமாக இரு. ஆரஞ்சு வந்தால் மூட்டையைக் கட்டு. சிவப்பு வந்தால் கேள்வி கேட்காமல் கிளம்பு, கீழே பள்ளிக்கூட மண்டபத்தில் போய் உட்கார். அவ்வளவுதான் திட்டம்.

எல்லாரும் கிளம்பிவிட்டார்களா என்று பார்க்கத் தெருவிலிருந்தே ஓர் ஆள் வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது, கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் அவரவர் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். தையல்காரி மட்டும் விவரம் தெரியாமல் நிமிர்ந்து பார்த்தாள். மாட்டிக்கொண்டாள்.

மாட்டிக்கொண்டாலும் வேலையைச் சுத்தமாகச் செய்கிறவள் அவள். அந்தத் தெரு பாதி படிக்கட்டு, பாதி வழுக்குப் பாறை. ஒவ்வொரு கதவாகத் தட்டி, உள்ளே ஆள் இருக்கிறதா என்று கூப்பிட்டுக் காத்துக்கொண்டிருந்தால், தட்டுகிறவள் தலையிலேயே மலை வந்து உட்கார்ந்துவிடும். அதனால் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பள்ளிச் சீருடை தைத்து மீந்த பச்சைத் துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்து வீட்டுக்கு ஒன்று கொடுத்தாள். வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறவர்கள் வாசல் கதவின் கைப்பிடியில் அதைக் கட்டிவிட்டுப் போகவேண்டும். துணி இருந்தால் வீடு காலி, அங்கே நிற்க வேண்டாம், தட்டவும் வேண்டாம். துணி இல்லாத கதவை மட்டும் தட்டினால் போதும். அலுவலகத்துக்காரர்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போய், பக்கத்துத் தெருக்களிலும் சொல்லிக்கொடுத்தார்கள். தையல்காரிக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது. வந்தால் என்ன, நியாயமான தலைக்கனம்தான்.

முதல் சிவப்பு வந்தபோது தெருவே விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. ஒன்றும் ஆகவில்லை. மண்டபத்தில் சீட்டாடிவிட்டுத் திரும்பி வந்தார்கள். இரண்டாவது சிவப்புக்கு முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். அன்றைக்கும் சரிவு அசையவில்லை. அசைந்தது தையல்காரிக்கும் அவள் அக்காவுக்கும் இருந்த உறவுதான்.

தெருவின் உச்சியில், சரிவை ஒட்டிய கடைசி வீடு அக்காவுடையது. முன்னால் பேக்கரி, பின்னால் குடித்தனம், நடுவில் அவள் கணவர் இருந்த காலத்தில் கட்டிய விறகு அடுப்பு. அவர் இறந்துபோன பிறகு அந்த அடுப்புதான் அவளுக்குத் துணை. இரண்டாவது சிவப்பு வந்த அன்று ஆஸ்பத்திரி கேன்டீனுக்காகப் பெரிய தொட்டி நிறைய மாவு பிசைந்து வைத்திருந்தாள். மாவு பொங்கி வருகிற நேரம் பார்த்துத் தங்கை வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து பார்த்தால் மாவு தொட்டியை விட்டு வழிந்து, அமுங்கி, புளித்த வாடையோடு கிடந்தது. கேன்டீன்காரர்கள் அடுத்த வாரத்திலிருந்து வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

அக்கா பேசாமல் இருந்திருக்கலாம். தெருவில் நாலு பேர் நடுவில் நின்று, "உன் சிவப்பு எனக்குச் சோறு போடுமாடி?" என்று கேட்டாள். தங்கையும் பேசாமல் இருந்திருக்கலாம். "செத்தா சோறு எதுக்கு?" என்றாள். வாயை விட்டுப் போன பிறகுதான் யாரைப் பார்த்து என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. மன்னிப்புக் கேட்கத் தையல்காரிக்கு ஆசைதான். ஆனால் யார் முதலில் பேசுவது என்ற இடத்தில் இரண்டு பேருமே ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது நன்றாகத் தெரிந்தது. நடுவில் மாட்டியவர் தையல்காரியின் கணவர். மின்வாரியத்தில் லைன்மேன். சண்டை உங்களுக்குள்ளே, பன்னுக்கும் எனக்கும் ஒரு தகராறும் இல்லை என்று சொல்லிவிட்டு, அண்ணி என்று அவர் கூப்பிடுகிற அக்காவின் கடையில் தினமும் வாங்கி வந்து மனைவியின் எதிரிலேயே பிட்டுப் பிட்டுச் சாப்பிடுவார். அவளுக்கும் ஒன்று தட்டில் வைப்பார். தொடமாட்டாள். அவர் வேலைக்குப் போன பிறகு அந்தத் தட்டு காலியாகிவிடும்.

மூன்றாவது சிவப்பு ஒரு காலை நேரத்தில் வந்தது. சில நாட்களாகவே மழை விட்டபாடில்லை. தெருவோரத் தடுப்புச் சுவரின் ஓட்டைகளில் எப்போதும் தெளிவாக வழிகிற தண்ணீர் அன்றைக்குச் செம்மண் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. தையல்காரி தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

முறைப்படி மேலேயிருந்து கீழே வரவேண்டும். சரிவுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள்தானே முதலில் கிளம்பவேண்டும்? அதைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னவளே அவள்தான். அன்றைக்கு மட்டும் கீழேயிருந்து ஆரம்பித்தாள். கீழ்வீட்டில் நடக்கமுடியாத ஒருவர் இருக்கிறார், அவரை முதலில் அனுப்பவேண்டும் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். அவரை அவருடைய பிள்ளைகள் செய்தி வந்த உடனே தூக்கிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள்.

பாதிக் கதவுகளில் துணி இருந்தது. மீதியைத் தட்டினாள். இந்தத் தடவையாவது மலை வருமா என்று கிண்டல் செய்துகொண்டே ஒருவர் குடையை விரித்தார். இன்னொரு வீட்டில், குக்கரில் இன்னும் ஒரு விசில் வரட்டும் என்றார்கள். அடுப்பை அவளே போய் அணைத்துவிட்டு வந்தாள். சிரித்தும் முறைத்தும் எப்படியோ எல்லாரையும் கிளப்பிவிட்டு உச்சிக்கு வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. மலை ஏறியதால் மட்டும் இல்லை.

அக்கா வீட்டுக் கதவில் பச்சைத் துணி கட்டியிருந்தது.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. வாதாட வேண்டாம், கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், மறுபடியும் வாயில் வந்ததைச் சொல்ல வேண்டாம். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாவது அக்கா சொன்னபடி கேட்டிருக்கிறாள். திரும்பலாம் என்று காலை எடுத்தபோதுதான் அந்த வாசனை வந்தது.

சூடான பன் வாசனை. அடுப்பிலிருந்து எடுக்கப்போகிற நேரத்தில் வெண்ணெயும் சர்க்கரையும் கருகாமல் சிவந்து வருகிற அந்த வாசனை. சின்ன வயதிலிருந்து அவள் மூக்குக்குப் பழகியது. அண்ணாந்து புகைபோக்கியைப் பார்த்தாள். அங்கே இருந்தது புகையா மூடுபனியா என்று சொல்லமுடியவில்லை.

வாசலில் நின்றாள். விறகு அடுப்பு அணைத்த பிறகும் வெகுநேரம் சூடாகவே இருக்கும், வாசனையும் இருக்கும் என்று நினைத்தாள். துணி கட்டிய கதவைத் தட்டக்கூடாது என்பது அவளே போட்ட சட்டம் என்றும் நினைத்தாள். தட்டி, கதவு திறந்து, அந்த முகத்தை நேருக்கு நேர் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. நினைத்ததிலேயே உண்மையானது அதுதான், அதை மட்டும் அவள் நினைத்து முடிக்கவில்லை. துணியை ஒரு தரம் பார்த்தாள். முடிச்சு ஒழுங்காகத்தான் இருந்தது. படி இறங்கிப் போய்விட்டாள்.

மண்டபத்தில் தெரு மொத்தமும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் மேடையில் ஓடிப் பிடித்து விளையாடின. சீட்டுக்கட்டு போன தடவை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. தையல்காரி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்தாள். அக்கா இல்லை. பேக்கரி அக்காவைக் காணோமே என்று யாரோ கேட்டார்கள். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று வேறு யாரோ பதில் சொன்னார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. போனை எடுத்து அக்காவின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மாவுக் கையோடு அக்கா போனைத் தொடமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் அவள் கணவர் உள்ளே வந்தார். தெருவுக்கான மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு வந்திருந்தார். கூடவே காய்கறி லாரி ஓட்டுகிற பிரேக். ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கைக் கட்டிக்கொண்டு அழுகிற ஆள் என்பதால் அந்தப் பெயர். அப்படி ஓட்டுவதால்தான் இத்தனை வருஷமாக உயிரோடு இருக்கிறேன் என்பது அவர் கட்சி. கடைசிச் சுற்று இவர்கள் இருவருடைய பொறுப்பு. யாராவது தெருவில் தங்கிவிட்டதாகத் தையல்காரி சொன்னால் இவர்கள் மேலே போய்க் கூட்டிவரவேண்டும். இல்லை என்று சொன்னால் மண்டபக் கதவைச் சாத்திவிட்டு இங்கேயே இருக்கலாம்.

சரிவில் கல் உருள ஆரம்பித்துவிட்டது, அலுவலகத்திலிருந்து இப்போதுதான் கூப்பிட்டுச் சொன்னார்கள் என்று கணவர் தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு அவளைப் பார்த்து, "மேல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்த மனிதர் இங்கேயே பத்திரமாக இருப்பார். துணி கட்டியிருந்தது என்று சொன்னால் அது பொய்யும் ஆகாது. நாளைக்கு என்ன நடந்தாலும் அவளை யாரும் குற்றம் சொல்லமுடியாது. இருக்கிறாள் என்று சொன்னால், கட்டிய புருஷனையும் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பிரேக்கையும் உருளுகிற மலைக்குக் கீழே அவளே அனுப்பினதாக ஆகும்.

"எங்க அக்கா இருக்கா. உள்ளதான் இருக்கா," என்றாள். "துணி கட்டியிருக்கு. ஆனா வாசனை வந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும்."

கணவர் தலைக்கவசத்தை மாட்டினார். நானும் வருகிறேன் என்று அவள் எழுந்தாள். வேண்டாம் என்றார். அவள் ஏற்கெனவே வெளியே போய்விட்டிருந்தாள்.

மூன்று பேரும் ஏறினார்கள். தெரு இவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை. மழைச் சத்தத்துக்கு நடுவே, மேலே எங்கோ மூட்டையை இழுப்பதுபோல ஒரு சத்தம் வந்து நின்றது. பிரேக் ஒரு கணம் நின்றார், பிறகு நடந்தார். தடுப்புச் சுவரின் ஓட்டைகள் சிலவற்றில் தண்ணீரே வரவில்லை. அது எங்கே தேங்குகிறது என்று யோசிக்காமல் இருப்பதே நல்லது என்று தோன்றியது.

கணவர்தான் கதவைத் தட்டினார். தட்டியதும் திறந்துவிட்டது. முழங்கை வரைக்கும் மாவோடு அக்கா நின்றாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள், பிரேக்கைப் பார்த்தாள், பின்னால் நின்ற தங்கையைப் பார்க்காததுபோல் பார்த்தாள். வாசலில் துணியைக் கட்டிவிட்டுப் பின்கட்டு வழியாக உள்ளே வந்திருக்கிறாள் என்பது யாரும் சொல்லாமலே விளங்கியது.

அடுப்பில் அடுத்த ஈடு வெந்துகொண்டிருக்கிறது, அது முடிந்ததும் தானே வருகிறேன், நீங்கள் போங்கள் என்றாள் அக்கா. கல் உருளுகிறது என்று கணவர் சொன்னார். அது வருஷம் முழுக்கத்தான் உருளுகிறது என்றாள். கணவர் கைப்பிடியில் இருந்த துணியை அவிழ்த்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சரி அண்ணி. துணி இல்லாத வீட்டுல ஆள் இருந்தா கூட்டிக்கிட்டுதான் வரணும். அதான் எங்க வேலை. நீங்க வர்றப்போ வாங்க, நாங்க இருக்கோம்."

சொல்லிவிட்டு மேசைமேல் சாய்ந்து நின்றுகொண்டார். பிரேக் அதற்கும் ஒருபடி மேலே போய் மாவு மூட்டையின்மேல் வசதியாக உட்கார்ந்துவிட்டார். அவர் கால் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. பயத்தில் ஆடுகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

அக்கா அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் விடிகாலையில் லாரியை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்கு என்று சொல்லி நாலு பன் வாங்குகிற ஆள். அதில் இரண்டை வளைவு தாண்டுவதற்குள் அவரே தின்றுவிடுவார் என்பதும் அவளுக்குத் தெரியும். தன் உயிரை வைத்து அவள் எவ்வளவு வேண்டுமானாலும் பிடிவாதம் பிடிப்பாள். அடுத்தவன் உயிரை வைத்துப் பிடிக்க அவளுக்கு வரவில்லை. அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்து, பாதி வெந்த பன்களைத் தட்டோடு வெளியே இழுத்தாள். தணலை வாரித் தண்ணீர் ஊற்றினாள். குப்பென்று எழுந்த புகையில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இறங்கும்போது பிரேக் பன் தட்டைத் தலையில் தூக்கிக்கொண்டார். அதை எதற்கு என்று கேட்டதற்கு, மலை வந்தால் தலைக்கு ஆகும், வராவிட்டால் வாய்க்கு ஆகும் என்றார். வழி முழுக்க ஒருவரும் சிரிக்கவில்லை. மண்டபத்துக்குள் காலை வைத்த பிறகுதான் அந்தப் பேச்சுக்குச் சிரித்தார்கள்.

அக்கா ஓர் ஓரத்து பெஞ்சில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பன்கள் கை மாறி கை மாறிப் போயின. நடுவில் மாவாக ஒட்டுகிறது என்று குறை சொல்லிக்கொண்டே அத்தனையையும் தின்று தீர்த்தார்கள். தையல்காரி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். இந்தத் தடவையும் ஒன்றும் ஆகாவிட்டால் அக்கா தன்னை ஆயுசுக்கும் மன்னிக்கமாட்டாள் என்று நினைத்தாள். ஆகவேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும் முடியவில்லை. இப்படியும் ஒரு சங்கடம் உண்டா என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

மத்தியானம் கழிந்து, தரை கொஞ்சம் அதிர்ந்தது. சத்தம் பெரிதாக இல்லை. கனமான லாரி ஒன்று வாசலில் வந்து நின்றதுபோல இருந்தது, அவ்வளவுதான். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் கையில் சீட்டோடு அப்படியே இருந்தார்கள்.

மழை குறைந்து, அலுவலகத்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டு இனி ஆபத்தில்லை என்று சொன்ன பிறகு கணவர் அவர்களோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நேராக அக்காவிடம் போய் முட்டி போட்டு உட்கார்ந்து சொன்னார். மற்ற வீடுகளுக்கு ஒன்றும் இல்லை. உச்சி வீட்டின் பின்பாதி இல்லை. அடுப்பு இருந்த அறைக்குள் கூரை வரைக்கும் மண், புகைபோக்கி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வாசல் கதவு மட்டும் நிற்கிறது. அக்கா கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினாள். மண்டபத்தில் எல்லாரும் அவளைச் சுற்றி வந்து ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். உன் தங்கை இல்லாவிட்டால் இன்றைக்கு நீ இல்லை என்று ஒருவர் சொன்னார். ஆமாம் ஆமாம் என்று நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். தையல்காரிக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிடலாம்போல் இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு மெல்லப் போய் அக்காவின் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். அக்கா நகத்தில் காய்ந்திருந்த மாவை உரித்துக்கொண்டிருந்தாள். உரித்துக்கொண்டே, அன்று பேச்சு நின்றதற்குப் பிறகு முதல்முறையாகப் பேசினாள்.

"காலைல வாசல்ல வந்து நின்னியே. வாசனை வந்துச்சா?"

பொய் சொல்லலாம்தான். மழையில் என்ன வாசனை தெரியும்?

"வந்துச்சு," என்றாள் தையல்காரி.

"ம். நீ படி ஏறி வர்றத ஜன்னல் கண்ணாடி வழியா பாத்தேன். கதவுக்கு உள்பக்கம்தான் நின்னுக்கிட்டு இருந்தேன். தட்டுவேன்னு நெனச்சேன். தட்டினா திறந்துட்டு உன்கூட வந்துடலாம்னுதான் நின்னேன்."

"நீதானேக்கா துணி கட்டியிருந்த."

"ஊருக்குக் கட்டினேன்டி," என்றாள் அக்கா. "உனக்குமா கட்டினேன்?"

தையல்காரி அழ ஆரம்பித்தாள். அக்கா பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.